மிதிவண்டியுடன் நாயை ஓடப் பழக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மனிதன் நடக்கும் வேகம் துடிப்பான நாய்க்குப் போதாது என்பது அத்தகைய நாயை வளர்க்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே விளங்கிவிடும். நாம் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம். நடுத்தர உடற்கட்டுள்ள, நலமான நாயோ அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்த பிறகும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, செருப்பைக் கடித்து, கதவைப் பிறாண்டும் நாய்க்கு உண்மையில் தேவைப்படுவது சீரான ஓட்டம். அதை மிதிவண்டியால் தர முடியும்.

ஆனால் மிதிவண்டி இயல்பாக அமைந்த ஒரு தடையை நீக்கிவிடுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நாயோடு நாமும் காலால் ஓடினால் முதலில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் நமக்குத்தான். நாம் நிற்கும்போது நாயும் நிற்கும். வண்டியில் அமர்ந்தவருக்கோ 10 கிலோமீட்டர் என்பது பொழுதுபோக்கு. களைப்பு முழுவதும் நாயின் மேல் விழுகிறது. தன் ஆளுடன் சேர்ந்து ஓடுவதில் ஆர்வம் மிகுந்த நாய், கால் வலித்தாலும் உடல் கொதித்தாலும் தானாக நின்றுவிடாது. ஆகவே இந்தப் பயிற்சியில் வேகத்தையும் தூரத்தையும் முடிவு செய்யும் பொறுப்பு முழுக்க வண்டி ஓட்டுபவருடையது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு காரணத்தை முன்வைத்தே அமைந்துள்ளது.

எந்த நாய், எந்த வயதில்

முதலில் பார்க்க வேண்டியது வயது. குட்டியின் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் எனப்படும் குருத்தெலும்பு அடுக்குகள் உள்ளன. அவை இறுகி முழு எலும்பாக மாறும் வரை, கடினமான தரையில் இடைவிடாமல் ஓட வைப்பது மூட்டுகளுக்கும் எலும்பு வளர்ச்சிக்கும் தீங்கு விளைவிக்கக்கூடும். சிறிய, நடுத்தர இனங்களில் இது ஏறத்தாழ ஒரு வயதுக்குள் முடிந்துவிடும். பெரிய இனங்களில் 15 முதல் 18 மாதங்கள் ஆகலாம். மிகப் பெரிய இனங்களில் அதற்கும் மேல் ஆகும். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். குட்டிப் பருவத்தில் வண்டியைப் பழக்கலாம், சொற்களைக் கற்றுக்கொடுக்கலாம், வண்டியை உருட்டிக்கொண்டு கூடவே நடக்கலாம். ஓட்டம் மட்டும் காத்திருக்கட்டும்.

ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்களிடையே நன்கு அறியப்பட்ட ‘ஏ.டி.’ என்னும் தாங்குதிறன் தேர்வு இங்கே நல்ல அளவுகோலாக உதவுகிறது. அதில் நாய் மிதிவண்டியின் பக்கத்தில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் 20 கிலோமீட்டர் ஓட வேண்டும். தேர்வில் கலந்துகொள்ளக் குறைந்தபட்ச வயது 16 மாதங்கள். 8 கிலோமீட்டர் முடிந்ததும் 15 நிமிடமும், 15 கிலோமீட்டர் முடிந்ததும் 20 நிமிடமும் கட்டாய ஓய்வு உண்டு. பல மாதங்கள் தயாராகி வந்த நாய்களுக்கே இத்தனை இடைவேளை தரப்படுகிறது. முதல் வாரத்திலேயே நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓட வைக்க நினைப்பவர்கள் இந்த விதிகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அடுத்து உடலமைப்பு. முகம் தட்டையான பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதால், அவை இரைப்பதன் மூலம் உடலைக் குளிரவைக்க இயலாமல் தவிக்கும். அவற்றுக்கு இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஷண்ட், பாசெட் ஹவுண்ட் ஆகியவற்றுக்கும் இது பொருந்தாது. கிரேஹவுண்ட் போன்றவை குறுந்தூரம் மின்னல்போல் பாய்வதற்குப் பிறந்தவை. நெடுந்தூரச் சீரோட்டத்துக்கு அவற்றைப் பொறுமையாகவும் குறைந்த அளவிலும்தான் பழக்க வேண்டும். பார்டர் கோலி, பாயின்டர், விஸ்லா, சைபீரியன் ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை இதற்கு ஏற்றவை. டால்மேஷியன் ஒரு காலத்தில் குதிரை வண்டிகளோடு ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். கலப்பின நாயாக இருந்தால் இனத்தின் பெயரைத் தேட வேண்டியதில்லை. கால்கள் ஓரளவு நீளமாகவும், மூக்கு நீண்டும், உடல் ஒல்லியாகவும் இருந்தால் பெரும்பாலும் தகுதியான நாய்தான்.

தொடங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. இதயம், நுரையீரல், இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு ஆகிய நான்கையும் குறிப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லாப்ரடார் நாய்களில் டி.என்.எம்.1 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால், கடும் ஓட்டத்தின்போது பின்னங்கால்கள் தளர்ந்து விழுந்துவிடும் பிறவிக் குறைபாடு ஒன்று உண்டு. சாதாரண நடையில் அந்த நாய் எந்த அறிகுறியும் காட்டாது. மரபணுச் சோதனையில் கண்டுபிடிக்கலாம். எடை மிகுந்த நாயை ஓடவைத்து இளைக்க வைக்கலாம் என்று எண்ண வேண்டாம். விலா எலும்புகள் மேலோட்டமாகத் தடவினாலே கைக்குத் தட்டுப்படும் நிலைக்கு உணவாலும் நடையாலும் கொண்டுவந்த பிறகே ஓட்டம் தொடங்க வேண்டும்.

வண்டியும் கருவிகளும்

கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டி நாயை ஓடவிடக் கூடாது. திடீரென ஒரு பக்கம் இழுத்தால் அதன் விசை முழுவதும் மூச்சுக்குழலிலும் கழுத்தெலும்பிலும் விழும். மார்பின் முன்பகுதியில் ‘ஒய்’ வடிவில் அமர்ந்து, தோள்மூட்டுகள் தடையின்றி முன்னும் பின்னும் அசைய இடம்விடும் ஹார்னஸ்தான் வேண்டும். மார்புக்குக் குறுக்கே படுக்கைவாட்டில் பட்டை ஓடும் வகை, ஒவ்வோர் எட்டிலும் தோளை அழுத்தித் தடுக்கும். இழுக்கும் பழக்கத்தை அடக்குவதற்காக மார்பில் கொக்கி வைத்த வகையும் இதற்கு உதவாது. பக்கவாட்டில் இழுபட்டு நாயின் நடையையே கோணலாக்கிவிடும். கொக்கி முதுகின் மேல் இருக்கட்டும். ஹார்னஸை மாட்டிய பின் முன்னங்கால் அக்குளில் கைவிட்டுப் பாருங்கள். இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும், பட்டை அக்குளில் உரசக் கூடாது.

நாயையும் வண்டியையும் இணைப்பதற்கென்றே செய்யப்பட்ட இணைப்புத் தண்டுகள் விற்பனையில் உள்ளன. சில பின்சக்கர அச்சுக்கு அருகில் தாழ்வாகப் பொருத்தப்படுபவை. சில இருக்கைக்குக் கீழுள்ள கம்பியில் பூட்டப்படுபவை. இரண்டிலும் ஸ்பிரிங் இருக்கும். நாய் திடீரென இழுக்கும்போது அந்த அதிர்ச்சியில் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். எனக்குத் தாழ்வாகப் பொருத்தும் வகையின் மேல்தான் நம்பிக்கை. இழுவிசை எவ்வளவு தாழ்வாக வண்டியில் படுகிறதோ அவ்வளவுக்கு வண்டி கவிழும் அபாயம் குறையும். 30 கிலோ நாய் ஒரு பூனையைக் கண்டு பாயும் நொடியில் இந்த வேறுபாடு உயிர் காக்கும். ஹேண்டில்பாரில் கயிற்றைச் சுற்றுவதும், மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதும் எலும்பு முறிவுக்கு நேர்வழி. எந்தக் கருவியானாலும் அவசரத்தில் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, தண்டு கழன்றாலும் நாய் ஓடிவிடாதபடி ஒரு துணைக் கயிறு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, அகலமான டயரும் நன்கு பிடிக்கும் இரண்டு பிரேக்குகளும் போதும். இருக்கையை வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்த்திவைத்தால் இரு பாதங்களையும் உடனே தரையில் ஊன்றலாம். மோட்டார் உதவியுடன் ஓடும் மின்மிதிவண்டியைத் தவிர்ப்பதே நல்லது. கால் அழுத்தாமலே வேகம் ஏறிவிடுவதால் நாயின் வேகத்தைத் தாண்டிப் போவது தெரியவே தெரியாது. தலைக்கவசம், கையுறை, மணி, இருட்டில் விளக்கு, நாய்க்கு ஒளி எதிரொளிக்கும் பட்டை, மடக்கக்கூடிய தண்ணீர்க் கிண்ணம், காயக்கட்டுத் துணி ஆகியவை ஒரு சிறு பையில் அடங்கிவிடும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் சாலை விதிகள் மிதிவண்டியிலிருந்து நாயை நடத்திச் செல்ல அனுமதிக்கின்றன. இத்தாலியின் சாலைச் சட்டமோ மிதிவண்டியில் செல்பவர் விலங்குகளை உடன் நடத்திச் செல்வதைத் தடை செய்கிறது. உங்கள் பகுதியின் விதி என்ன என்பதைத் தண்டு வாங்குவதற்கு முன்பே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வண்டியைப் பழக்குதல்

நாயின் இடம் எது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டு, பிறகு மாற்றாதீர்கள். போக்குவரத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது சாலை ஓரத்தை ஒட்டிய பக்கமே நாய்க்கு உரியது: வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்லும் நாடுகளில் வண்டியின் இடப்புறம், வலப்பக்கமாகச் செல்லும் நாடுகளில் வலப்புறம்.

வண்டியை ஓட்டாமலேயே பழக்கத்தைத் தொடங்க வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து, அதைச் சுற்றித் தின்பண்டத் துண்டுகளைப் போட்டு, நாயைத் தானாக முகர்ந்து பார்க்கவிடுங்கள். பின்சக்கரத்தைச் சும்மா சுழற்றுங்கள், பிரேக்கைப் பிடித்து விடுங்கள், மணியை அடியுங்கள். ஒவ்வோர் ஓசைக்குப் பின்னும் ஒரு துண்டு கொடுங்கள். காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, உடலைப் பின்னுக்குச் சாய்க்கும் நாய் இன்னும் தயாராகவில்லை. அதற்கு மேலும் சில நாட்கள் கொடுத்தால் இழப்பு ஒன்றுமில்லை.

அச்சம் நீங்கியதும், வண்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நீங்கள் ஒரு பக்கம், நடுவில் வண்டி, மறுபக்கம் நாய் என்ற வரிசையில் நடந்தால், பின்னால் ஓடப்போகும் இடம் எது என்பது நாய்க்கு இப்போதே பதிந்துவிடும். இந்தக் கட்டத்தில் கயிறு தளர்வாகக் கையில் இருக்கட்டும். நாய் இருக்கும் பக்கமாகத் திரும்புவதுதான் கடினம். முன்சக்கரம் தன்மேல் வருவதுபோல் நாய்க்குத் தோன்றும். திரும்புவதற்கு இரண்டு எட்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டு, வேகம் குறைத்து, அகலமாகத் திரும்பினால் நாய் ஒதுங்கிக் கொடுக்கக் கற்றுக்கொள்ளும். எதிர்ப்பக்கத் திருப்பத்தில் நாய் வெளிவட்டத்தில் வருவதால் அதற்குக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சொற்கள் ஐந்து போதும். ‘இடம்’, ‘வலம்’, ‘மெல்ல’, ‘நில்’, ‘விடு’. ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எதிரே வரும் நாய், அணில், கீழே கிடக்கும் எலும்புத் துண்டு ஆகியவற்றைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் கடந்து செல்லும் பழக்கம் அது. நடையில் ‘விடு’ என்ற சொல்லுக்குக் கட்டுப்படாத நாய் ஓட்டத்தில் கட்டுப்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வண்டியை உருட்டும்போதே இந்த ஐந்து சொற்களும் முழுமையாக வேலை செய்ய வேண்டும். அதன் பிறகே தண்டைப் பொருத்தி, மறுபடியும் உருட்டிக்கொண்டே சில நாட்கள் நடந்து, கடைசியில் ஏறி அமர வேண்டும்.

முதல் ஓட்டம்

ஆள் நடமாட்டமில்லாத புல்தரை அல்லது மண்பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் 10 நிமிடம் நடக்க வையுங்கள். இதில் இரண்டு பயன்கள் உண்டு: தசைகள் சூடேறும், நாய் சிறுநீரும் மலமும் கழித்துவிடும். தண்டில் பூட்டப்பட்ட நாய் தானாக நிற்க முடியாது. ஓட்டத்தின் நடுவே அதற்கு வயிறு கலங்கினால் இழுபட்டுக்கொண்டே வர நேரிடும், இது கொடுமை.

வண்டியில் ஏறி அமைதியாகக் கிளம்புங்கள். 300 மீட்டர் சென்றதும் நின்று, இறங்கி, பாராட்டி, சிறிது நடந்து, மறுபடி 300 மீட்டர். முதல் நாளுக்கு இவ்வளவு போதும். உற்சாக மிகுதியால் நாய் கிளம்பியவுடன் நாலுகால் பாய்ச்சலில் எகிறப் பார்க்கும். பிரேக்கை மென்மையாகப் பிடித்து, ‘மெல்ல’ என்று சொல்லி, மெல்லோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மெல்லோட்டம் என்று இங்கே சொல்வது, ஒரு முன்னங்காலும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்னங்காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் இரண்டடித் தாள ஓட்டத்தை. நெடுந்தூரத்துக்கு நாயின் உடல் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் நடை இதுதான். முதுகு கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும், இருபுறத் தசைகளும் சமமாக உழைக்கும். நாயின் அளவைப் பொறுத்து இது மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் வரை அமையும். சிறிய நாய்க்கு இன்னும் குறைவு. வேகமானியைப் பார்த்து ஓட்டுவதைவிட நாயின் காலைப் பார்த்து ஓட்டுவது சரியாக இருக்கும். பாய்ச்சலுக்கு மாறினால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று பொருள். ஒரே பக்கத்து இரு கால்களும் சேர்ந்து நகர்ந்து, உடல் இருபக்கமும் ஊசலாடத் தொடங்கினால், ஒன்று வேகம் மிகவும் குறைவு, அல்லது நாய் களைத்துவிட்டது.

பன்னிரண்டு வாரத் திட்டம்

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வலுப்பெறுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசை அதன்பின் தேறும். தசைநாண்களும் எலும்பும் உறுதியடையப் பல மாதங்கள் ஆகும். மூன்றாவது வாரத்தில் நாய் மூச்சிரைப்பின்றி 4 கிலோமீட்டர் ஓடுகிறது என்பதற்காக அதன் மூட்டுகளும் தயாராகிவிட்டன என்று கொள்ளக் கூடாது. காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நேர்கின்றன.

எனவே முதல் இரண்டு வாரங்கள், வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக மாற்றி மாற்றி மொத்தம் 15 நிமிடம் போதும். மூன்றாம், நான்காம் வாரங்களில் ஓட்டப் பகுதியை ஐந்து நிமிடமாக்கி, மொத்த ஓட்டத் தூரத்தை 2 முதல் 3 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் எட்டு வாரங்களில் 4 அல்லது 5 கிலோமீட்டர், நடுவில் ஒரு முறை நின்று தண்ணீர். அதன் பிறகு, 12ஆம் வாரம் முடிவதற்குள் 7 அல்லது 8 கிலோமீட்டரை எட்டினால் சிறப்பு. வேகம், தூரம், மேடு ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரத்திலும் தூரத்தைப் பாதியாகக் குறைத்து உடலுக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

பெரும்பாலான வீட்டு நாய்களுக்கு வாரம் மூன்று முறை, 6 முதல் 8 கிலோமீட்டர் என்பதே நிறைவான அளவு. அதற்கு மேல் செல்ல விரும்புபவர்கள் எதற்காக என்று தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது. ஓட்டம் கூடக் கூட நாயின் தாங்குதிறனும் கூடும். அடங்காத நாயை ஓடவைத்தே அடக்க முயல்பவர், ஆறு மாதத்தில் முன்பைவிட வலிமையான, அதே அளவு அடங்காத நாயை வைத்திருப்பார். ஓட்டமில்லாத நாட்களில் மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு, மெல்ல முகர்ந்துகொண்டே செல்லும் நீண்ட நடை, சொற்பயிற்சி ஆகியவற்றைத் தந்தால்தான் மனமும் களைத்து உறங்கும்.

வெப்பம்

இந்தப் பயிற்சியில் நாய்க்கு உயிராபத்தை விளைவிக்கும் காரணங்களில் முதலிடம் வெப்பத்துக்கே. நாய்க்கு மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிதளவு வியர்க்கும். நாக்கிலும் வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை இரைத்து ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அந்த ஆவியாதலும் தடைபடும். அதனால் வெப்பமானியில் எண் குறைவாக இருந்தும் புழுக்கமாக உள்ள நாள், வறண்ட நாளைவிட ஆபத்தானது. நீங்கள் வண்டியில் போகும்போது முகத்தில் காற்று வீசுவதால் உங்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியாமல் போகலாம் என்பதையும் கருத வேண்டும்.

20 டிகிரி செல்சியசுக்கு மேல் தூரத்தையும் வேகத்தையும் குறைப்பதும், 25 டிகிரியைத் தாண்டினால் வண்டியை எடுக்காமலிருப்பதும் என் பரிந்துரை. வெப்பமான பகுதிகளில் விடியலுக்கு முன்னுள்ள நேரமே உகந்தது. மாலையில் காற்று குளிர்ந்திருந்தாலும், பகலெல்லாம் வெயிலை வாங்கிய தார்ச்சாலை இருட்டிய பின்னும் சூடாகவே இருக்கும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி அழுத்திவைத்துப் பாருங்கள். தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

ஓய்வாக உள்ள நாயின் உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும். ஓட்டத்தில் அது உயர்வது இயல்பே. 41 டிகிரியை எட்டினால் உறுப்புகள் பழுதடையும் அபாயம் தொடங்குகிறது. நாக்கு நுனியில் அகன்று மண்வெட்டிபோல் விரிந்து தொங்குவது, எச்சில் கெட்டியாகி நூல்போல் இழுபடுவது, ஈறு கருஞ்சிவப்பாக மாறுவது, கால்கள் தள்ளாடுவது, நிழலைத் தேடி இழுப்பது ஆகிய எதைக் கண்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தள்ளாட்டம், வாந்தி, நினைவு மங்கல் என்று போய்விட்டால், முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிடைக்கும் குளிர்ந்த நீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி, காற்றுப் படும்படி செய்யுங்கள். ஈரத்துண்டால் மூடிவைப்பது வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். நினைவு தெளிவாக இல்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நாய் தெளிந்துவிட்டதுபோல் தோன்றினாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

பாதமும் தரையும்

பாதத்தின் தோல் மெத்தைகள் ஓட்டத்துக்கு ஏற்பத் தடிப்பேறும், ஆனால் மெதுவாக. மண்பாதையும் புல்லும் நல்லவை. தார்ச்சாலையும் சிமெண்டும் அரம்போல் தேய்க்கும், கூர்மையான சரளை கிழிக்கும், ஆழமான மணல் தசைநாணை வருத்தும். சாலையில் ஓட வேண்டிய நிலை இருந்தால், மொத்தத் தூரத்தில் ஒரு சிறு பகுதியாக அதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கூட்டுங்கள்.

ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் நான்கு பாதங்களையும் கையில் எடுத்துப் பாருங்கள். மெத்தையின் பரப்பு சொரசொரப்பாக இருப்பது நலம். வழவழப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் தெரிந்தால் மேல்தோல் தேய்ந்துவிட்டது, சில நாள் ஓய்வு தேவை. விரல் இடுக்குகளில் முள்ளும் புல்விதையும் ஒளிந்திருக்கும். புல்விதை உள்ளே ஏறினால் சீழ்க்கட்டியாகும். நகங்களைக் குட்டையாக வைத்திருங்கள். நாய் நிற்கும்போது நகம் தரையில் படக் கூடாது.

ஓடும்போது கவனிக்க வேண்டியவை

தொடக்கத்தில் நாயைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அது சாலையிலிருந்து கண்ணை எடுக்கும் பழக்கம், ஆபத்தானது. காதைப் பயன்படுத்துவது மேல். கடினமான தரையில் மெல்லோட்டத்தின் நகவோசை ஒரே சீராக, தாளம் தப்பாமல் கேட்கும். களைக்கத் தொடங்கியதும் பின்னங்கால்களை நாய் முழுமையாகத் தூக்காது. அப்போது அந்தச் சீரான தட்டலுக்கு நடுவே ‘சரக்’ என்று நகம் உரசும் ஓசை வரும். முதலில் எப்போதாவது ஒருமுறை, பிறகு அடிக்கடி. முதல் உரசலைக் கேட்டவுடனேயே வேகத்தைக் குறைத்து வீடு திரும்புவதுதான் என் வழக்கம்.

தண்டின் இழுவையும் தகவல் தரும். பக்கத்தில் சமமாக வந்துகொண்டிருந்த நாய் பின்தங்கி, வண்டி அதை இழுப்பதுபோல் உணர்ந்தால், அதற்கு மேல் ஒரு மீட்டரும் ஓடக் கூடாது, இறங்கி நடங்கள். நொண்டலைக் கண்டுபிடிக்கத் தலையைக் கவனியுங்கள்: முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தாழும். வீட்டுக்கு வந்து படுத்து எழும்போது முதல் சில எட்டுகள் விறைப்பாக இருந்தால் தூரம் மிகுந்துவிட்டது. மறுநாளும் விறைப்பு நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கட்டவிழ்ந்த நாய்கள் துரத்தி வந்தால் வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஓட்டம் அவற்றை மேலும் தூண்டும், உங்கள் நாயோ தண்டில் பூட்டப்பட்டுத் தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறது. நின்று, இறங்கி, வண்டியை இடையில் குறுக்காக வைத்துக்கொண்டு, நாயை உங்கள் பக்கம் இழுத்து நிறுத்தி, மெதுவாக நடந்து விலகுங்கள்.

உணவும் தண்ணீரும்

வயிறு நிறைய உண்ட நாய் ஓடினால் இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மார்பு ஆழமான பெரிய இனங்களில் இது மிகுதி, சில மணி நேரத்தில் உயிரையே பறித்துவிடும். ஓட்டத்துக்கு முன் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் உணவு கூடாது. ஓட்டம் முடிந்து குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே கொடுக்க வேண்டும். தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். ஓடி முடித்ததும் 10 நிமிடம் நடக்கவைத்து, இரைப்பு அடங்கத் தொடங்கியதும் கிண்ணத்தை வையுங்கள்.

இடைவெளிக்குப் பிறகும் முதுமையிலும்

நோய், மழை, பயணம் என்று இரண்டு வாரங்களுக்கு மேல் ஓட்டம் நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். பழைய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்கி, மூன்று வாரங்களில் மெல்ல மீட்டெடுக்கலாம். தடுப்பூசி போட்ட ஓரிரு நாட்களிலும், சினைப்பட்ட நாய்க்கும் இந்த ஓட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

பெரிய இனங்கள் ஏழு வயதை நெருங்கும்போதும், சிறியவை அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் மூட்டுத் தேய்மானத்தின் முதல் அறிகுறிகளைக் காட்டத் தொடங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவுக்குத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வண்டியைக் கண்டதும் ஓடிவந்து நிற்கும் முதிய நாயை முற்றாக விட்டுச்செல்லத் தேவையில்லை: முதலில் பயன்படுத்திய அதே முறைப்படி வண்டியை உருட்டிக்கொண்டு அரைமணி நேரம் நடக்கலாம், அல்லது நாயை ஏற்றிச் செல்லும் இழுவைப் பெட்டியைப் பின்னால் பூட்டி, ஒரு கிலோமீட்டர் நடக்கவைத்து மீதித் தூரத்துக்கு அதில் உட்காரவைக்கலாம்.